பன்னிரண்டாவது இருநூறு

நவம்பர் 23, வியாழன்

பல் செட்டில் மேல்வரிசை மூன்று, கீழ்வரிசை ஒன்று. நாள் முழுக்க மெழுகும் பிளாஸ்டரும்தான். பல் செட் கட்ட வந்த ஒருவர், இருப்பதிலேயே வெள்ளையான பல்தான் வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் ஒரே அடம். அவரை உள்ளே என்னிடம் அனுப்பிவிட்டார்கள். பதினாறு வெள்ளை கோத்த மாதிரிப் பட்டையை அவர் கன்னத்தருகே பிடித்து, "இதைப் போட்டீங்கன்னா நீங்க ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி உங்க பல்லு வந்துடும்" என்றேன். சிரித்துவிட்டார். நாலாவது வெள்ளைக்கு இறங்கி வந்தார்.

இன்னும் இருபத்துநாலு நாள். ஜனவரியிலிருந்து மாதம் ஒரு முறை, ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள். பதினொன்று முடிந்தாயிற்று. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் இருக்கிற ஒவ்வொரு சாவடியிலும் அது மூடுவதற்குள் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் முடித்தால் எங்கள் சைக்கிள் குழு உடுப்பில் தைத்துக்கொள்ள ஒரு துணி வில்லை தரும், உள்ளங்கை அகலம். ஒரு மாதம் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. அந்த உள்ளங்கைத் துணிக்காக நான் படுகிற பாடு!

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அக்கா போன். எடுத்ததும், "ஏண்டி ஆரம்பசூரி, இன்னும் விடலையா?"

"விடலை."

"பதினொண்ணு வரைக்கும் வந்துட்டு விட்டாத்தான் அது நீ. பாக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். நான் தொடங்கிப் பாதியில் விட்டதையெல்லாம் பட்டியல் போட்டு அக்கா தன் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். கிட்டார். நீச்சல் (ஆழமில்லாத பக்கம் மட்டும்). பிரெஞ்சு. ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர். டைரி: ஆறு வருஷம், ஆறு டைரி, ஒன்றுகூட ஏப்ரலைப் பார்த்ததில்லை. யார் வந்தாலும் சர்க்கரை எடுக்கிற சாக்கில் கதவைத் திறந்து வாசித்துக் காட்டுவாள். அவள் தொடங்கியதும் நான் எழுந்து போய்விடுவேன், நடுவில் ஓரிரு வரிதான் காதில் விழும். நான் அதைக் கிட்டே போய்ப் படித்ததில்லை. முதல் வரி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான்.

நவம்பர் 25, சனி

ஐயோ, ஐயோ, ஐயோ.

மத்தியானம் கிளினிக்கிலிருந்து வந்தால் வாசலில் ஒரு சைக்கிள். பச்சை. பக்கத்தில் இவர், வாயெல்லாம் பல்லாக.

"உன் பழைய வண்டியைக் குடுத்துட்டு இதை எடுத்தேன். பன்னிரண்டாவதுக்கு."

"என் வண்டியைக் குடுத்துட்டீங்களா?"

"கலரைப் பாரு. பாரு! இந்தப் பச்சையை நாலு வருஷமா கடையில கலந்து பாக்கறேன், வரவே மாட்டேங்குது."

இவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். நான் பல்லுக்கு வெள்ளை பார்க்கிறவள், இவர் சுவருக்கு. எங்கள் வீட்டில் யாராவது "வெள்ளை" என்று சொன்னால் "எந்த வெள்ளை?" என்று இரண்டு குரல் கேட்கும். அப்படிப்பட்ட மனிதர் சைக்கிளை எதைப் பார்த்து வாங்குவார்?

"கியர் எங்கங்க?"

"அதான் விசேஷமே! ஒண்ணும் கிடையாது. வயரு, பல்லு, கொக்கி, ஒரு கச்சடாவும் இல்லை. எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு."

என் ஒன்பது கியர். போச்சு.

"அது மட்டுமா? இங்க பாரு" என்று பின்சக்கரத்தின் பக்கம் குனிந்தார். வலப்பக்கப் பல்சக்கரத்தில் செயின் ஓடுகிறது. இடப்பக்கமும் இன்னொரு பல்சக்கரம், சும்மா பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. "ஸ்டெப்னி! அது தேஞ்சா இது. எவன் குடுப்பான் இப்படி?"

நானும் குனிந்து பார்த்தேன். தொழில் புத்தி. பற்கள் நன்றாகத்தான் வெட்டியிருந்தார்கள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில், என்னைக் கேட்காமல் இவர் தானாகத் தீர்மானித்து எனக்கென்று வாங்கிய முதல் பொருள் இது. "நல்லா இருக்குங்க" என்றேன். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நவம்பர் 26, ஞாயிறு

விழுந்தேன்.

விஷயம் இதுதான். சாதாரண சைக்கிளில் கால் வலித்தால் பெடலை நிறுத்துவோம், வண்டி தானாக உருளும். இதில் அந்தப் பேச்சே இல்லை. பின்சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். நான் தெருமுனையில் வழக்கம்போல காலை நிறுத்தினேன். வண்டி நிறுத்தவில்லை. என்னை அப்படியே தூக்கி எதிர்வீட்டுச் செடிவேலிக்குள் போட்டது. எதிர்வீட்டம்மா ஜன்னலைத் திறந்து, "உள்ள வரதுன்னா கேட் அந்தப் பக்கம்" என்றாள்.

வேலிக்குள் உட்கார்ந்தபடியே போனில் தேடிப் படித்தேன். ஃபிக்ஸட் வீல். பந்தயத் திடலில் ஓட்டுகிறவர்களும், கொஞ்சம் மறை கழன்றவர்களும் ஓட்டுவது. பிரேக் இரண்டு இருக்கிறது, அதுவரை புண்ணியம்.

கடைக்குப் போன் போட்டேன். பழைய வண்டி நேற்று சாயங்காலமே விற்றுவிட்டதாம். ஒரு கல்லூரி மாணவி வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, வேறு ஊருக்கே கொண்டுபோய்விட்டாளாம். குழுவில் யாரிடமாவது கடன் வாங்கலாம் என்றால், அங்கே இருப்பதிலேயே குள்ளம் நான்தான். அவர்கள் வண்டியில் ஏறினால் கால் எட்டாது.

"எப்படி விழுந்த?" என்று கேட்டார்.

"கல்லு" என்றேன்.

நவம்பர் 29, புதன்

கல்லு என்று இன்னும் எத்தனை தடவை சொல்வது? இந்த ஊரில் அத்தனை கல் கிடையாது.

டிசம்பர் 2, சனி

இன்று விழவில்லை!

நிறுத்துவது எப்படி என்று பிடிபட்டுவிட்டது. நிறுத்தணும் என்று நினைக்கக் கூடாது. மெல்லக் குறைக்கணும். காலால் பின்பக்கம் கொஞ்சம் அழுத்தி, "போதும்மா, போதும்" என்று கெஞ்ச வேண்டும். அப்புறம் பிரேக். பெடலிலேயே நின்றுகொண்டு சிக்னல் மாறும்வரை ஆடாமல் இருக்கிறவர்கள் உண்டாம். நான் இரண்டு விநாடி இருந்தேன், பிறகு ஒரு குப்பைத் தொட்டியைக் கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

ஐம்பது கிலோமீட்டர். தனியாக, குழுவில் யார் கண்ணிலும் படாமல். இந்தக் கூத்தை அவர்களிடம் காட்ட எனக்கு வெட்கம். குளிர் மூன்று டிகிரி. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஏதோ ஆகிறது. ஏறும்போது பெடல் தானே மேலே வந்து காலைத் தூக்கிவிடுகிறது. நான் அதை மிதிக்கிறேனா, அது என்னை மிதிக்கிறதா, தெரியவில்லை. தலைகால் புரியாமல் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே வந்த பால் வேன்காரர் பதிலுக்குக் கையாட்டினார்.

டிசம்பர் 5, செவ்வாய்

படிக்கட்டில் இறங்கி முடித்த பிறகும் கால் இன்னும் இரண்டு படி தேடுகிறது. கிளினிக்கில் டாக்டரம்மா, "என்னாச்சு, பொம்மை மாதிரி நடக்கறீங்க?" என்றார்.

டிசம்பர் 10, ஞாயிறு

தொண்ணூறு! பனி உறைந்த வயல்களுக்கு நடுவே நேர் ரோடு, ஒரு ஈ காக்கா இல்லை. நிறுத்தாமல் தொண்ணூறு. நிறுத்தத்தான் முடியாதே!

இறக்கம் மட்டும் எமன். மற்ற சைக்கிளில் இறக்கம் என்றால் சம்பளத்தோடு விடுமுறை. இதில் இறக்கத்தில்தான் ஓவர்டைம். கால் இரண்டும் மிக்ஸி மாதிரி சுற்றுகிறது, பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துவிடுகிறது. கீழே வந்து சேர்ந்ததும் சத்தம் போட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

இடது முட்டி வீங்கியிருக்கிறது.

எங்கள் குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்குச் செய்தி அடித்து வைத்தேன்: "இந்த மாதம் நான் இல்லை." அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. போன் மேஜைமேல் இருக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விட்டுடலாமே? யார் கேக்கப் போறா? வண்டி தப்பு, முட்டி வீக்கம், மூணு டிகிரி குளிர். மூணு காரணம், மூணும் நிஜம். ஒவ்வொரு தடவையும் என்கிட்ட நிஜமான காரணம் இருந்தது. கிட்டார் வாத்தியார் ஊர் மாறிப் போனார், நீச்சல் குளத்தை மூடினாங்க —

காலேஜ்.

எழுதிட்டேன். இந்த டைரில இதுவரைக்கும் எழுதலை. பல் மருத்துவக் கல்லூரி, ரெண்டு வருஷம் படிச்சேன். நல்லாத்தான் படிச்சேன். மூணாவது வருஷம் அப்பா படுத்துட்டார். அக்காவுக்கு அப்பதான் கல்யாணம் ஆகி வேற ஊர்ல இருந்தா. யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும், யாராவது ஒருத்தர் வேலைக்குப் போகணும், ரெண்டும் நானாத்தான் இருந்தேன். டாக்டரா பல்லைப் புடுங்க வேண்டியவ, பின்னாடி ரூம்ல உக்காந்து பல்லு செய்யறேன். வேலை எனக்குப் பிடிக்கும், அது வேற. ஆனா அக்கா "ஆரம்பசூரி"ன்னு கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த முதல் வரிதான் காதுல விழும். அதை நான் விடலைக்கா. அது என்கிட்டேருந்து போச்சு. இதை நான் அவகிட்ட சொன்னதே இல்லை. சிரிச்சுட்டே இருந்துட்டேன்.

இவர் வந்து எட்டிப் பார்த்தார். "முட்டிக்கு ஐஸ் வைக்கவா?" என்றார். வெளியில் இருக்கிற குளிருக்கு முட்டியை ஜன்னல் வழியாக நீட்டினாலே போதும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

செய்தியை அழித்துவிட்டேன்.

டிசம்பர் 16, சனி

முட்டி பரவாயில்லை. நாளை காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். சுற்றுவழியில் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் மேற்கே, அங்கிருந்து குறுக்குவழியில் திரும்பி வர வேண்டும். மாலை ஏழரைக்குள் அட்டையில் கடைசி முத்திரை விழ வேண்டும்.

நாள் முழுக்க வடகாற்றாம். போகும்போது வலப்பக்கம் அடிக்கும், வரும்போது இடப்பக்கம்.

இவர் பரண் மேலிருந்து எதையோ இறக்கிக்கொண்டு வந்தார். பார்த்தால் அந்த ஸ்வெட்டர்! நிச்சயமான புதிதில் இவருக்காகப் பின்ன ஆரம்பித்தது, ஒரே ஒரு கையோடு. "ஜாக்கெட்டுக்கு உள்ள போட்டுக்கோ. போகும்போது கை இருக்கற பக்கம் வலதுல வரட்டும். திரும்பும்போது முன்பின்னா மாத்திப் போட்டுக்கோ, இடதுல வந்துடும்."

எவ்வளவு கண்ணும் கருத்துமாக யோசித்திருக்கிறார்! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பிறகு போட்டுப் பார்த்தேன். நிஜமாகவே கதகதப்பாக இருந்தது.

டிசம்பர் 17, ஞாயிறு. காலை 5.20

இருட்டு. இரண்டு டிகிரி. சமுதாயக் கூடத்து வாசலில் இருபது சைக்கிள் விளக்கு ஆடுகிறது. என் வண்டியை யாரும் கவனிக்கவில்லை. செயலாளர் முதல் முத்திரை குத்தி, "பன்னெண்டாவதா? ஜமாய்ச்சுடும்மா" என்றார். அவர் வாயில் இருப்பது நான் செய்த செட். குளிரில் தந்தி அடிக்கிறது. கீழ்வரிசையைக் கொஞ்சம் இழைக்க வேண்டும்.

9.40. 62-ஆவது கிலோமீட்டர், பேக்கரி

முத்திரை ஆச்சு. சாவடி மூட இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. பெடல் போட்டுட்டே இருந்ததுல காலுக்குக் குளிரே தெரியலை. எல்லாரும் இறக்கத்துல காலை நிறுத்தி நிறுத்தி விறைச்சுப் போயிருக்காங்க. வலக்கை கதகதன்னு இருக்கு. இடக்கை யாரோடதுன்னு தெரியலை. ரெண்டு பன், ஒரு முட்டை. ஓடறேன்.

மதியம் 1.30. 118, பாலத்தடி டீக்கடை

சிரிப்பு அடங்கலை. பேனா ஆடுது. அப்புறம் எழுதறேன்.

டிசம்பர் 18, திங்கள்

லீவு சொல்லியாயிற்று. ஒரு பக்கமாகப் படுத்து எழுதுகிறேன், உட்காருகிற நிலைமை இல்லை.

முதலில் பாலத்தடி டீக்கடை.

ஒரு மணி பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் ஒரு நீள இறக்கம், எட்டு கிலோமீட்டர். இறங்கி முடிப்பதற்குள் முழி பிதுங்கிவிட்டது. முட்டி பழையபடி கத்த ஆரம்பித்தது. அந்தச் சாவடியில் முத்திரை குத்துகிறவள் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிற ஒரு பெண். முன்பல் இரண்டுக்கும் நடுவே அழகான இடைவெளி, தப்பித்தவறிகூட அடைக்கக் கூடாத இடைவெளி. அட்டையை வாங்கிக்கொண்டு என் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"அக்கா, ஃபிக்ஸட்லயா வந்தீங்க? அந்த இறக்கத்துலயா?"

"வேற வழி? வண்டி அப்படி."

"வேற வழியா?" குனிந்து இடப்பக்கப் பல்சக்கரத்தை விரலால் சுண்டினாள். டிக் டிக் டிக் என்று அது பாட்டுக்குப் பின்னால் சுற்றியது. "இதோ இருக்கே, ஃப்ரீவீல். சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டினா உங்க வண்டி சாதாரண வண்டி. ரெண்டு நிமிஷ வேலை. இத்தனை நாளா யாரும் சொல்லலையா?"

நான் அந்தப் பல்சக்கரத்தைப் பார்த்தேன். ஸ்டெப்னி.

மூன்று வாரம்! செடிவேலி, குப்பைத் தொட்டி, முட்டி, இல்லாத கல்லெல்லாம்! அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் அழுகை வருகிறதோ என்று நினைத்தேன், வந்தது சிரிப்பு. டீக்கடைக்காரர் வெளியே வந்து, "அந்தம்மாவுக்கு என்ன?" என்று கேட்க, இவள் விளக்கிச் சொல்ல, அவரும் சிரிக்க, டீயை உள்ளே மறந்துவிட்டார்.

இவருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். விழுந்தது கல்லால் இல்லை என்பது வரை. 

"என்னங்க? இருக்கீங்களா?"

"அந்தக் கடைக்காரன் சொன்னான். ஒண்ணு அலுத்துப் போனா திருப்பி மாட்டிக்கலாம்னு. நான்தான் ஸ்டெப்னின்னு நினைச்சேன்." பிறகு கேட்டார்: "அப்போ நான் சரியா வாங்கினது பச்சை மட்டும்தானா?"

ஐயோ பாவமே! அந்தக் குரலைக் கேட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "வண்டியும் சரிதாங்க. நூத்திப் பதினெட்டு வந்திருக்கேன்" என்றேன்.

நான் பேசி முடிப்பதற்குள் வெல்டிங் பெண் சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டாள். "ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கக்கா." ஏறினேன். காலை நிறுத்தினேன். வண்டி உருண்டது. அப்பாடா, என்ன சுகம் என்று நினைக்க வேண்டியவள், பதறிப்போனேன். காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை! படி இருக்கும் என்று நினைத்து வைத்த கால் வெறும் காற்றில் போன மாதிரி. வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னால் அழுத்தினேன், அது டிக் டிக் என்று கேலி செய்தது. பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய், கடை முன்னால் கிடந்த பெஞ்சில் போய் மோதினேன். மூன்று வாரத்தில் என் கால் கெட்டுப்போய்விட்டது!

எழுந்து நின்றேன். "மறுபடி திருப்பி மாட்டிடும்மா."

"அக்கா, இன்னும் எண்பத்திரண்டு கிலோமீட்டர் இருக்கு. திரும்பும்போது அதே எட்டு கிலோமீட்டர் ஏத்தம். முட்டி வேற —"

"ஏத்தத்துல இதுதான் என்னைத் தூக்கிவிடும். பழகினதோட போறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் மாட்டிவிட்டாள். நான் அங்கேயே ஜாக்கெட்டைக் கழற்றி, ஸ்வெட்டரை முன்பின்னாக மாற்றிப் போட்டேன். சக்கரமும் இரண்டு பக்கம், ஸ்வெட்டரும் இரண்டு பக்கம். டீக்கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, டீக்குக் காசு வேண்டாம், போய் வாருங்கள் என்று கும்பிட்டார்.

இந்தக் கூத்தில் நாற்பது நிமிஷம் போய்விட்டது. சாவடி மூட இரண்டே நிமிஷம் இருக்கும்போது கிளம்பினேன்.

அடுத்த சாவடி நூற்று அறுபதாவது கிலோமீட்டர். நாலு நாற்பதுக்கு மூடும். நாலு முப்பத்தைந்துக்குப் போய் முத்திரை வாங்கி, மறுபடி ஏறினேன். பிறகு இருட்டு. காற்று எதிரே திரும்பிவிட்டது. ஒரு மணி நேரத்தில் பதினோரு கிலோமீட்டர்தான் போனேன். மனசுக்குள் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் போனால் வராது. சரிடி, இதுவும் போச்சு, பட்டியலில் இன்னொரு வரி எழுதிக்கோ அக்கா என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டுக் காலைக் கொஞ்சம் ஓய்வாக நிறுத்தலாம் என்று பார்த்தால் —

நிற்காது! அதுதான் நிற்காதே! பெடல் கீழே போய் மேலே வந்து என் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. நான் மனசுக்குள் விட்டுவிட்டேன், கால் விடவில்லை. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சரி, போ, எங்கே போகிறாயோ போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். நூற்று எண்பதில் சாலை வளைந்து காட்டுக்குள் நுழைந்தது. மரங்கள் காற்றை மறைத்தன. அவ்வளவுதான், பறந்தேன்.

ஊருக்குள் இறங்குகிற கடைசி இறக்கம். குழுவின் ஆட்கள் இரண்டு பேர் காலை நிறுத்திக் கைகளை உதறிக்கொண்டே ஜாலியாக உருண்டுகொண்டிருந்தார்கள். நான் மிக்ஸிக் கால்களோடு அவர்களைத் தாண்டினேன். "ஏய், யாரது?" என்றது ஒரு குரல். பதில் சொல்ல மூச்சு இல்லை.

சமுதாயக் கூடத்தின் இரட்டைக் கதவு திறந்திருந்தது. இறங்கி நிறுத்திப் போகலாம் என்றுதான் நினைத்தேன். போதும்மா, போதும் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. நேராக உள்ளே ஓட்டிப்போய்ச் செயலாளர் மேஜை முன்னால்தான் நின்றேன். அவர் முத்திரைக் கட்டையை உயர்த்தியபடியே எழுந்துவிட்டார். வாய் திறந்தபடி. நான் செய்து கொடுத்த கீழ்வரிசை நழுவி மேஜைமேல் விழுந்தது.

ஏழு இருபத்தாறு.

முத்திரை விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், கிட்டே வர வெட்கப்பட்டுக்கொண்டு. நானே போய்த் தோளில் சாய்ந்தேன். ஸ்வெட்டர் இல்லாத கை ஐஸாக இருந்தது. அதை எடுத்துத் தன் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் பின்னால் அக்கா. இரண்டரை மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். கையில் மடித்த காகிதம். அலமாரிக் கதவிலிருந்து கிழித்தது, நாலு மூலையிலும் பழைய டேப் ஒட்டியிருந்தது.

"இந்தா, ஆரம்பசூரி. இனி இது என் வீட்ல வேண்டாம். நீயே வெச்சுக்கோ."

விரித்தேன்.  மொத்தம் இருபத்து மூன்று வரி. முதல் வரி: கிட்டார். இரண்டாவது: ரோஜாச் செடி. நான் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, இரண்டு தடவை படித்தேன். இல்லை.

"அக்கா, காலேஜ் எங்க?"

அவள் முகம் மாறிவிட்டது. "காலேஜா? அதை ஏண்டி நான் இதுல எழுதுவேன்? அதை நீயா விட்ட? அன்னைக்கு நான் வந்திருக்கணும். நான் வரலை. அது என் கணக்கு. இருபத்திரண்டு வருஷமா இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இப்படி ஏதாவது கிண்டல் பண்ணிட்டே இருந்தேன்."

நான் இருநூறு கிலோமீட்டரும் அழவில்லை. அங்கே அழுதேன், கூடத்துக்கு நடுவில், ஒரு கை ஸ்வெட்டரோடு, ஓ என்று. அக்காவும் அழுதாள். செயலாளர் பல் செட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "முட்டி வலியா?" என்று கவலையாக விசாரித்தார். அதைக் கேட்டு இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியவில்லை.

டிசம்பர் 19, செவ்வாய்

ராத்திரி தூக்கத்தில் பெடல் போட்டேனாம். இவர் கெண்டைக்காலில் இரண்டு நீல ரத்தக்கட்டு. யார் கேட்டாலும் "கல்லு" என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 23, சனி

துணி வில்லை வந்தது. கருநீலம், நடுவில் ஒரு சக்கரம். எதில் தைப்பது? ஸ்வெட்டரின் இல்லாத கையின் இடத்தில் தைக்கலாம் என்கிறார் இவர். அக்காவைக் கேட்டேன். "முதல்ல கையைப் பின்னுடி" என்றாள்.

டிசம்பர் 28, வியாழன்

செயலாளரின் கீழ்வரிசையை இழைத்துக் கொடுத்தேன். இனி நழுவாது. ஜனவரி இருநூறுக்கு எப்போது பெயர் கொடுக்கப்போகிறேன் என்று கேட்டார். இவரும் பக்கத்தில் இருந்தார். இந்த முறை இவருக்கும் ஒரு வண்டி வேண்டுமாம். கடையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். கியர் இருக்கிறதா என்று கேட்டேன். கவனிக்கவில்லை, ஆனால் மஞ்சள் என்றார்.

டிசம்பர் 31, ஞாயிறு

அக்கா போனில், "என்னடி பண்ற?" என்றாள். "டைரி எழுதறேன்" என்றேன்.  "இன்னுமா?" என்றாள்.

டைரியின் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு ஒரு உலக வரைபடம் இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. ஏழு டைரி வாங்கியிருக்கிறேன், இன்றுதான் பார்க்கிறேன். இவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கடலுக்குப் போட்டிருக்கிற நீலம் சரியில்லை என்றார். எழுத இன்னும் நிறைய இருக்கிறது, இந்தக் கடைசிப் பக்கத்தில் கோடுதான் தீர்ந்துவிட்ட